4000 வரி சார்ட் கிளாஸைப் பிரித்து வைப்பது எப்படி

சார்ட் வரைகிற லைப்ரரி எதுவாக இருந்தாலும், கொஞ்ச நாளில் எல்லா வேலையும் ஒரே கிளாஸில் போய்ச் சேர்ந்துவிடும். எழுதியவரின் சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன். பயன்படுத்துகிறவருக்கு அதுதான் வசதி. ஒரு ஆப்ஜெக்ட் கையில் இருந்தால் போதும். பெயருக்குப் பின் ஒரு புள்ளி வைத்தால் கோடு, பட்டை, ஹிஸ்டோகிராம், லெஜண்ட், அச்சின் எல்லை எல்லாம் வரிசையாக வந்து நிற்க வேண்டும். பைத்தானில் படம் வரைய உதவும் மேட்பிளாட்லிப் லைப்ரரியில், ஒரு வரைபடத்தின் அச்சுகளையும் அதற்குள் வரைவதையும் கவனிக்கும் ஆக்ஸஸ் கிளாஸ் அப்படி வளர்ந்ததுதான். அதன் மேல் கட்டிய எங்கள் அலுவலக லைப்ரரியும் அப்படித்தான். காற்றாலைகளிலிருந்து வரும் 10 நிமிடச் சராசரிகளை வைத்து மாத அறிக்கை வரைகிற லைப்ரரி அது. உள்ளே சார்ட் என்று ஒரே கிளாஸ், 4000 வரிக்கு மேல்.

இதைப் பிரிக்கும்போது என் கட்சி ஒன்றே ஒன்று. வெளியே தெரிகிற கிளாஸ் பெரிதாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். எந்த மெத்தட் எந்த நிலையை, அதாவது ஆப்ஜெக்ட் தனக்குள் வைத்திருக்கும் எந்த மதிப்பை, தொடுகிறது என்று பாருங்கள், வெட்ட வேண்டிய இடம் அதிலேயே தெரியும். கோட்டு வரைபடம் ஒரு ஃபைல், பட்டை வரைபடம் ஒரு ஃபைல் என்று சார்ட் வகையை வைத்துப் பிரிக்கத்தான் முதலில் கை போகும். பாதியில் பார்த்தால் எல்லா ஃபைலும் ஒன்றையொன்று இம்போர்ட் செய்துகொண்டிருக்கும்.

இன்னொன்று, நேரம் பார்த்துத் தொடங்குங்கள். எங்களுக்கு மே முதல் செப்டம்பர் வரை காற்று சீசன். வருட உற்பத்தியில் பெரும்பகுதி அந்த மாதங்களில்தான் வரும், தினமும் யாராவது ஒரு வரைபடம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்போது இந்த வேலையில் கை வைக்கக்கூடாது. உங்கள் அலுவலகத்துக்கும் அப்படி ஒரு சீசன் இருக்கும்.

முதலில் படங்களைப் பூட்டி வையுங்கள்

நிரலைத் தொடும் முன், இப்போது வரும் படங்களை அப்படியே எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு சார்ட் வகைக்கும் சின்னதாக, மாறாத ஒரு தரவு. அதிலிருந்து வரும் பிஎன்ஜி. மேட்பிளாட்லிப்பின் சொந்த டெஸ்ட்டுகளும் இந்த வழியில்தான் ஓடுகின்றன. அடிப்படைப் படம் ஒன்று ரெப்போவில் இருக்கும், புதிதாக வரைந்ததை அதோடு ஒப்பிட்டு, வித்தியாசம் அனுமதித்த அளவைத் தாண்டினால் டெஸ்ட் விழும்.

இதில் எல்லோரையும் படுத்துவது எழுத்துருதான். எழுத்தைப் பிக்சலாக்கித் தருவது ஃப்ரீடைப். அதன் பதிப்பு மாறினால் அச்சில் உள்ள எண்கள் மயிரிழை நகரும், நிரலில் ஒன்றும் மாறாமலே டெஸ்ட் சிவப்பாகும். இதற்காகவே மேட்பிளாட்லிப் தன் டெஸ்ட்டுகளுக்கு 2.6.1 என்ற ஃப்ரீடைப் பதிப்பைப் பல வருடங்கள் மாற்றாமல் வைத்திருந்தது. எழுத்தையே நீக்கிவிட்டு ஒப்பிடும் வசதியும் அதன் டெஸ்ட் கருவியில் உண்டு. எழுத்து முக்கியமில்லாத இடங்களில் அதைத் தாராளமாகப் போடுங்கள். ஃபைலை பைட்டுக்கு பைட் ஒப்பிடும் வேலை வேண்டாம். பிஎன்ஜிக்குள் மேட்பிளாட்லிப் பதிப்பு எண் எழுதப்பட்டிருக்கும், எஸ்விஜியில் தேதியும் ஒவ்வொரு முறையும் மாறுகிற ஐடிகளும் இருக்கும்.

படம் மட்டும் போதாது. படம் மாறியது என்று தெரியும், எது மாறியது என்று தெரியாது. அதனால் கூடவே, வரைந்து முடித்த ஆக்ஸஸில் எத்தனை கோடுகள் உள்ளன, ஒவ்வொன்றின் எக்ஸ்-ஒய் மதிப்புகள் என்ன, லெஜண்டில் என்ன பெயர்கள், அச்சின் எல்லை என்ன என்று கேட்டு, சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக எழுதி வைத்துவிடுங்கள். பிரிக்கும் வேலையின்போது பத்துக்கு ஒன்பது முறை இந்த ஃபைல்தான் கை கொடுக்கும்.

யார் எதைத் தொடுகிறார்கள்

நிரலைப் பகுத்துக் கிளை கிளையாகக் காட்டும் ஏஎஸ்டி மாட்யூல் பைத்தானோடு வருகிறது; அதை வைத்து ஒரு பக்கத்தில் அடங்குகிற ஸ்கிரிப்ட் எழுதலாம். கிளாஸுக்குள் ஒவ்வொரு மெத்தட்டாகப் போய், ஆப்ஜெக்ட் தன்னையே குறிக்கும் செல்ஃப் என்பதற்குப் பின் வருகிற பெயர்களை எல்லாம் பொறுக்க வேண்டும். படிக்கிறதா, எழுதுகிறதா என்பதையும் குறிக்க வேண்டும். அப்புறம் வரிசையில் மெத்தட்டுகளும் நெடுவரிசையில் பெயர்களுமாக அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. செல்ஃபில் ஒரு டிக்ஷனரி இருந்து, அதற்குள் ஒரு மதிப்பை வைத்தால், ஏஎஸ்டி அந்த டிக்ஷனரியின் பெயரை ‘படிக்கப்பட்டது’ என்றே காட்டும். லிஸ்ட்டில் அப்பெண்ட் செய்தாலும் அதே கதைதான். உண்மையில் அது எழுத்து. இப்படி ஒளிந்திருப்பவற்றை ஸ்கிரிப்டிலேயே தனியாகக் கவனித்துக்கொள்ளாவிட்டால், பாதுகாப்பானது என்று அட்டவணை சொல்கிற மெத்தட்தான் நாளைக்குக் காலை வாரும்.

அட்டவணை வந்ததும் மெத்தட்டுகள் தாமாகவே கூட்டமாகப் பிரிந்து நிற்கும். செல்ஃபைத் தொடவே தொடாத மெத்தட்டுகள் நீங்கள் நினைத்ததைவிட நிறைய இருக்கும். நேர மண்டலத்தை மாற்றுவது, விடுபட்ட மதிப்புகளை நீக்குவது, அலகு மாற்றுவது எல்லாம் அந்த ரகம். அவற்றை அன்றைக்கே வெளியே எடுத்துத் தனி ஃபங்ஷன்களாக வைத்துவிடலாம், யோசிக்க ஒன்றும் இல்லை. நிறம், எழுத்தளவு போன்றவற்றைப் படிக்க மட்டும் செய்கிறவை அடுத்த கூட்டம். ஸ்டைல் என்று மாறாத ஒரு சின்ன ஆப்ஜெக்ட் செய்து அதைக் கையில் கொடுத்தால் அவையும் வெளியேறும். மிச்சம் நிற்பதுதான் உண்மையான கிளாஸ்.

கணக்கு வேறு, வரைவது வேறு

இந்த ஒரு வெட்டைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. எங்கள் கிளாஸில் காற்றுத் திசை வரைபடம் வரைகிற மெத்தட்டையே எடுத்துக்கொள்வோம். வட்டத்தை 16 கூறுகளாகப் பிரித்து, எந்தத் திசையிலிருந்து எவ்வளவு நேரம் காற்று அடித்தது என்று காட்டுகிற படம் அது. 16 கூறு என்றால் ஒவ்வொன்றும் 22.5 டிகிரி. வடக்குக் கூறு பூஜ்யத்தில் தொடங்காது. 348.75-இல் தொடங்கி, பூஜ்யத்தைத் தாண்டி, 11.25-இல் முடியும். இந்தக் கணக்கு எங்கே இருந்தது தெரியுமா? பட்டைகளை வரைகிற லூப்புக்கு நடுவில், நிறம் தேர்ந்தெடுக்கிற வரிக்கும் லெஜண்ட் சேர்க்கிற வரிக்கும் இடையில். அதைச் சோதிக்க வேண்டுமானால் முழுப் படத்தையும் வரைந்துதான் ஆக வேண்டும்.

அதை வெளியே எடுத்தால் ஒரு சாதாரண ஃபங்ஷன்தான். திசைகள், வேகங்கள், கூறுகளின் எண்ணிக்கை உள்ளே போகும்; கூறு வாரியாக, வேக அடுக்கு வாரியாகச் சதவீத அட்டவணை வெளியே வரும். திசையோடு அரைக் கூறைக் கூட்டி, 360-ஆல் வகுத்த மீதியை எடுத்து, 22.5-ஆல் வகுத்து முழு எண்ணை வைத்துக்கொண்டால் வடக்குப் பிரச்சினை தீர்ந்தது. டெஸ்ட்டுகளும் இப்போது ஒரு வரி, இரண்டு வரி: 355 டிகிரியும் 5 டிகிரியும் ஒரே கூறில் விழ வேண்டும், 360-உம் பூஜ்யமும் ஒன்றாக இருக்க வேண்டும், திசை இல்லாத பதிவுகள் எண்ணிக்கையில் சேரக்கூடாது. காற்றே இல்லாத நேரத்தை மொத்தத்தில் சேர்க்க வேண்டுமா, கூடாதா? வரைகிற நிரல் யாரையும் கேட்காமல் அதற்கு ஒரு முடிவு எடுத்து வைத்திருக்கும். வெளியே வந்ததும் அது பெயருள்ள ஒரு ஆர்க்யுமெண்ட் ஆகிவிடும். பொறியாளர்களிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

எந்தக் காற்று வேகத்தில் எவ்வளவு மின்திறன் என்று காட்டுகிற பவர் கர்வும் அப்படியே. காற்றாலைகளுக்கான ஐஇசி 61400-12-1 என்ற சர்வதேசத் தரநிலைப்படி காற்று வேகத்தை வினாடிக்கு 0.5 மீட்டர் அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கிலும் மின்திறனின் சராசரி எடுக்க வேண்டும். ஒரு அடுக்குக்குக் குறைந்தது 30 நிமிடத் தரவு இருக்க வேண்டும். 10 நிமிடச் சராசரிகளில் அது மூன்று பதிவு. இந்த மூன்று என்ற எண்ணுக்கு வரைகிற நிரலில் என்ன வேலை?

மேட்பிளாட்லிப்பில் இதற்கு அருமையான முன்மாதிரி பாக்ஸ்பிளாட். 2014-இல் வந்த 1.4 பதிப்பில் அதை இரண்டாகப் பிரித்தார்கள். கால்மானங்கள், இடைநிலை, மீசைகளின் முனைகள், ஒதுங்கி நிற்கும் புள்ளிகள் எல்லாவற்றையும் கணக்கிட்டு டிக்ஷனரிகளாகத் தருவது பாக்ஸ்பிளாட்-ஸ்டாட்ஸ் என்ற தனி ஃபங்ஷன். அது ஆக்ஸஸ் கிளாஸிலேயே இல்லை. அந்த டிக்ஷனரிகளை வாங்கி வரைவது மட்டும் பிஎக்ஸ்பி என்ற மெத்தட். பழைய பாக்ஸ்பிளாட் மெத்தட் போகவில்லை, முதலாவதைக் கூப்பிட்டு இரண்டாவதிடம் கொடுக்கிறது. இதனால் டெஸ்ட் எழுதுவது சுலபமானது ஒரு பக்கம். கோடிக்கணக்கான வரிகள் டேட்டாபேஸில் இருந்தால், கால்மானங்களை அங்கேயே கணக்கிட்டு, சில எண்களை மட்டும் கொண்டுவந்து நேராக பிஎக்ஸ்பியிடம் கொடுக்கலாம் என்பது இன்னொரு பக்கம். பிரிப்பு சரியாக விழுந்தால் இப்படி யாரும் கேட்காத ஒரு வசதி கிடைக்கும்.

ஆர்க்யுமெண்ட்டைப் புரிந்துகொள்வதும் ஒரு வேலைதான்

கோடு வரைகிற பிளாட் மெத்தட்டுக்கு ஒய் மட்டும் கொடுக்கலாம், எக்ஸ்-ஒய் இரண்டும் கொடுக்கலாம், சிவப்பு வட்டம் விட்டுவிட்ட கோடு என்று மூன்று நான்கு எழுத்தில் சுருக்கியும் சொல்லலாம், இதையே மூன்று முறை அடுக்கவும் செய்யலாம். இதைப் பிரித்துப் படிக்கிற வேலை மேட்பிளாட்லிப்பில் ஒரு தனிச் சின்னக் கிளாஸுக்குள் இருக்கிறது. அடுத்த நிறம் எது என்கிற நிலையும் அதனிடம்தான்.

நிலையை எங்கே வைக்கிறோம் என்பது பயன்படுத்துகிறவர் கண்ணுக்கே தெரிகிற இடம் இது. ஒவ்வொரு ஆக்ஸஸிலும் அந்த ஆப்ஜெக்ட் இரண்டு உண்டு: கோடுகளுக்கு ஒன்று, நிரப்பி வரைகிறவற்றுக்கு ஒன்று. ஒரே படத்தில் முதலில் ஒரு கோடும் அடுத்து புள்ளிகளாகத் தூவும் ஒரு ஸ்கேட்டரும் வரைந்து பாருங்கள், இரண்டும் அதே நீலத்தில் வரும். இரண்டுக்கும் நிறச் சுற்று தனித்தனி. உங்கள் லைப்ரரியில் பிரிக்கும்போது ‘அடுத்த நிறம்’ போன்ற நிலை ஒன்றாக இருக்க வேண்டுமா, இரண்டாகவா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தெரியாமல் ஒன்றை இரண்டாக்கினால் வாடிக்கையாளரின் அறிக்கையில் நிறம் மாறும்.

இன்னொரு நுணுக்கம். பிரித்தெடுத்த சின்ன ஆப்ஜெக்ட்டுக்குள் பெரிய ஆப்ஜெக்ட்டையே சேமித்து வைக்காதீர்கள். முன்பு மேட்பிளாட்லிப்பில் அந்தச் சின்னக் கிளாஸ் தன் ஆக்ஸஸைப் பிடித்து வைத்திருந்தது. பிந்தைய பதிப்புகளில் கூப்பிடும்போது மட்டும் ஆக்ஸஸ் கொடுக்கப்படுகிறது. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கிற ஆப்ஜெக்ட்டுகளைப் பைத்தானின் குப்பை சேகரிப்பான் வந்துதான் விடுவிக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் படம் வரைகிற இரவு வேலைகளில் மெமரி ஏறிக்கொண்டே போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மெத்தட்டை வெளியே எடு, பெயரை உள்ளேயே விடு

மேட்பிளாட்லிப்பில் ஆக்ஸஸ் கிளாஸ் இருக்கிற ஃபைல் இன்றைக்கும் 8000 வரிக்கு மேல். ஆனால் கடைசிக்குப் போய்ப் பாருங்கள். முழுக்க வேறு மாட்யூல்களில் எழுதப்பட்ட மெத்தட்டுகள் என்று ஒரு குறிப்பு, அதன் கீழ் டேபிள், ஸ்டாக்பிளாட், ஸ்ட்ரீம்பிளாட், ட்ரைகாண்டூர் என்று சில வரிகள். ஒவ்வொன்றும் தன் சொந்த மாட்யூலில், ஆக்ஸஸை முதல் ஆர்க்யுமெண்ட்டாக வாங்குகிற சாதாரண ஃபங்ஷன். கிளாஸுக்குள் அதன் பெயரை ஒட்டிவிட்டால், பைத்தான் அதை மெத்தட்டாகவே நடத்தும். வெளியே இருப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒட்டும்போது ஃபங்ஷனின் முழுப்பெயரையும் ஆக்ஸஸுக்குக் கீழ் வருகிற மாதிரி மாற்றிவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு இது பிடிக்கவில்லை. மெத்தட்டுகளைச் சின்னச் சின்னக் கிளாஸ்களில் வைத்து, பெரிய கிளாஸ் அவற்றை எல்லாம் வாரிசாகப் பெறுகிற மிக்ஸின் முறைதான் அவர் கேட்டது.

“அக்கா, மிக்ஸின் கிளாஸா பிரிச்சிடலாமே? ட்ராயிங் மிக்ஸின், லெஜண்ட் மிக்ஸின், எக்ஸ்போர்ட் மிக்ஸின். பார்க்க நீட்டா இருக்கும்.”

“பிரிச்சப்புறம் லெஜண்ட் மிக்ஸின் எந்த செல்ஃபைத் தொடும்?”

“அதே செல்ஃப்தான்.”

“அப்போ எதைப்பா பிரிச்சே?”

ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டு அடுப்பை மட்டும் நாலாக வைப்பதற்குப் பெயர் பாகப்பிரிவினை இல்லை. மிக்ஸின் அப்படித்தான். ஃபைல் ஐந்தாகும், நிலை ஒன்றாகவே இருக்கும். ஒரு பெயர் எங்கிருந்து வருகிறது என்று தேட ஐந்து ஃபைலைத் திறக்க வேண்டியதுதான் மிச்சம். தனி ஃபங்ஷனாக எடுத்தால் அது ஆக்ஸஸிடம் என்ன கேட்கிறது என்பது கண்ணுக்கு முன்னால் தெரியும். அடிக்கோட்டில் தொடங்கும் பெயர், அதாவது உள் உபயோகத்துக்கு மட்டும் என்று குறித்த பெயர், எதையாவது தொட்டால் உடனே உறுத்தும். உறுத்த வேண்டும்.

ஒரு கிளாஸின் மேல் இன்னொன்றைக் கட்டுகிற இன்ஹெரிட்டன்ஸே கூடாது என்று சொல்லவில்லை. அதே 1.4 பதிப்பில், ஒரே ஃபைலாக இருந்த ஆக்ஸஸ் மாட்யூலைப் பல ஃபைல்கள் கொண்ட ஒரு பேக்கேஜாக்கினார்கள். அச்சின் எல்லை, அளவுகோல், தானாக எல்லை அமைப்பது, உள்ளே இருக்கும் உருப்படிகளின் பட்டியல் எல்லாம் பேஸ் என்ற ஃபைலில். வரைகிற வகைகள் எல்லாம் அதன் மேல் உள்ள கிளாஸில். இது நிற்கிறது, காரணம் திசை ஒன்றுதான். மேலே உள்ளது கீழே உள்ளதை அறியும், கீழே உள்ளதற்கு பட்டை வரைபடம் என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை. உங்கள் அடுக்கில் கீழே உள்ள கிளாஸ் மேலே உள்ள மெத்தட்டைக் கூப்பிட்டால், பிரிக்கும் கோட்டை வேறு இடத்தில் போடுங்கள்.

அதிகமாக வெட்டினாலும் திரும்ப ஒட்ட வேண்டி வரும். அந்தப் பேக்கேஜில், ஒரே படத்துக்குள் கட்டம் கட்டமாக வைக்கிற சப்பிளாட்டுக்கென்று மூன்றாவது ஒரு ஃபைலும் இருந்தது. கட்டத்தில் உட்கார்கிற ஆக்ஸஸுக்காக, ஓடும்போதே ஆக்ஸஸ்-சப்பிளாட் என்று புதிய கிளாஸ் ஒன்றை உருவாக்கும் ஏற்பாடு. 2023-இல் வந்த 3.7 பதிப்பில் அதை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஆக்ஸஸோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது கட்டத்தில் இருக்கிறதா என்று அறிய, கிளாஸ் என்ன என்று பார்ப்பதில்லை. கட்டத்தில் எந்த இடம் என்று சொல்கிற சப்பிளாட்-ஸ்பெக் இருக்கிறதா என்று ஆக்ஸஸையே கேட்கிறோம். ஒரே ஒரு தகவலுக்காகத் தனிக் கிளாஸ் தேவையில்லை.

இம்போர்ட், பிக்கிள், கிட்

மாட்யூலைப் பேக்கேஜ் ஆக்கும்போது பழைய பெயரிலேயே ஃபோல்டர் வையுங்கள், உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கு அடிக்கோட்டில் தொடங்கும் பெயர் கொடுங்கள், பேக்கேஜை இம்போர்ட் செய்ததும் ஓடுகிற இனிட் ஃபைலில் பழைய பெயர்களை எல்லாம் மறுபடி இம்போர்ட் செய்து வையுங்கள். யாருடைய நோட்புக்கும் உடையாது. பிக்கிள் செய்து வைத்த படங்கள், அதாவது ஆப்ஜெக்ட்டாகவே ஃபைலில் சேமித்தவை, இருந்தால் இது இன்னும் முக்கியம். பிக்கிளுக்குள் கிளாஸின் மாட்யூல் பெயர் எழுத்தாகவே இருக்கும். பழைய இடத்தில் அந்தப் பெயர் கிடைக்காவிட்டால் ஃபைல் திறக்காது.

சுற்றி வருகிற இம்போர்ட் சிக்கல் கட்டாயம் வரும். முழுப் படமான ஃபிகருக்கு ஆக்ஸஸ் வேண்டும், ஆக்ஸஸுக்கு ஃபிகர் வேண்டும். ஃபங்ஷனுக்குள் இம்போர்ட் போட்டுச் சமாளிப்பது கடைசி வழி. பெரும்பாலும் அந்த ஆப்ஜெக்ட்டை ஆர்க்யுமெண்ட்டாக வாங்கினாலே இம்போர்ட் தேவைப்படாது.

கிட்டில் ஒரே கண்டிப்பு: நகர்த்துவது ஒரு கமிட், மாற்றுவது வேறு கமிட். நகர்த்தும் கமிட்டில் ஒரு இடைவெளியைக்கூடத் திருத்தாதீர்கள். அப்படிச் செய்தால், ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார் என்று காட்டுகிற ப்ளேம் கட்டளைக்குப் பெரிய எழுத்து சி கொடியைக் கொடுக்கும்போது, வேறு ஃபைலிலிருந்து வந்த வரிகளுக்கும் அதை முதலில் எழுதியவர் பெயரே வரும். ரிவ்யூ செய்கிறவரும் நகர்த்தும் கமிட்டை அரை நிமிடத்தில் தாண்டிப் போகலாம்.

மேட்பிளாட்லிப்பில் ஆக்ஸஸ் மெத்தட்டுகளை நேரடி ஃபங்ஷன்களாகத் தருவது பைபிளாட். உங்கள் லைப்ரரியில் அது போல மேலே ஒரு மெல்லிய அடுக்கு இருந்தால், அதை வைத்து ஒரு மலிவான சோதனை செய்யலாம். மேட்பிளாட்லிப்பில் பைபிளாட்டின் வரைகிற ஃபங்ஷன்களை ஒரு ஸ்கிரிப்ட், ஆக்ஸஸ் மெத்தட்டுகளின் ஆர்க்யுமெண்ட்டுகளைப் பார்த்துத் தானே எழுதுகிறது. பிரித்த பிறகு அப்படி ஒரு ஸ்கிரிப்டை ஓட்டினால் ஃபைலில் ஒரு எழுத்துகூட மாறக்கூடாது. மாறினால் எங்கேயோ ஒரு டிஃபால்ட் மதிப்பு நழுவியிருக்கிறது.

எங்கள் சார்ட் கிளாஸில் இன்னும் ஆயிரத்துச் சொச்சம் வரிகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரே வரி மெத்தட்டுகளும் அவற்றின் விளக்கக் குறிப்புகளும். தலைப்பு, லெஜண்ட், அச்சு எல்லை இவை மூன்றும் ஒன்றின் நிலையை ஒன்று தொடுகின்றன, அதனால் அவற்றை அங்கேயே விட்டுவிட்டேன். பெயர் மாற்றிய மெத்தட்டுகளுக்கு எச்சரிக்கைச் செய்தி போட்டிருக்கிறோம். மேட்பிளாட்லிப் வழக்கத்தில் அப்படிப்பட்ட பழைய பெயர்கள் குறைந்தது இரண்டு சிறு பதிப்புகள் வரை உயிரோடு இருக்கும். நாங்கள் அதைப் பதிப்பால் அளப்பதில்லை, ஒரு முழுக் காற்று சீசன் தாண்டிய பிறகுதான் நீக்குவோம். வருடத்துக்கு ஒரு முறை மட்டும் ஓடுகிற ஸ்கிரிப்ட் அப்போதுதான் கண்ணில் படும்.